பழைய ஃபோக்ஸ்வாகன் வேனைத் தாழ்த்த எந்த வழி பாதுகாப்பு?

ஃபோக்ஸ்வாகன் டைப் 2 வேனைத் தரையோடு ஒட்டினாற்போலத் தாழ்த்தி ஓட்டுவதில் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் பலருக்கு ஆசை. அழகுதான், சந்தேகமில்லை. ஆனால் இந்த வேனில் ஓட்டுநர் முன் அச்சுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறார். அவர் காலுக்கு முன்னால் தகடு மட்டும்தான். அதனால் எவ்வளவு தாழ்த்துவது என்பதைவிட, எப்படித் தாழ்த்துவது என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

1967 ஆகஸ்டில் வந்த பே விண்டோ மாடலை எடுத்துக்கொள்வோம். இதன் முன்பக்கத்தில் காயில் ஸ்பிரிங் கிடையாது. குறுக்கே போகும் இரண்டு குழாய்களுக்குள் எஃகுப் பட்டைகள் கட்டுக் கட்டாக இருக்கும். அவை முறுக்கிக்கொள்வதுதான் ஸ்பிரிங்.

சிலர் அந்தக் கட்டிலிருந்து ஒன்றிரண்டு பட்டைகளை உருவிவிடுகிறார்கள். காசு செலவில்லாத வேலை, ஆனால் வேண்டவே வேண்டாம். ஸ்பிரிங் தொய்ந்துவிடும். ஆள் ஏறி, சாமானும் ஏற்றி, பிரேக்கை அழுத்தினால் மூக்கு அப்படியே குத்தி நிற்கும்.

அடுத்தது அட்ஜஸ்டர். குழாய்களை நடுவில் அறுத்து, பட்டைகளைத் திருப்பிவைக்கும் அமைப்பை வெல்டிங் செய்வார்கள். உயரத்தை நினைத்தபடி மாற்றலாம் என்பதால் இதற்குத்தான் மவுசு. ஸ்பிரிங்கின் பலமும் குறையாது. சிக்கல் வேறு இடத்தில். சக்கரத்தைப் பிடித்திருக்கும் கைகள் மேல்நோக்கித் திரும்பிவிடுவதால், பள்ளத்தில் விழுந்தால் மேலே ஏற இடமே மிச்சமிருக்காது. பழைய ஷாக் அப்சார்பர் நீளம் அதிகமாகி அடியில் முட்டும், கையையும் சக்கர அச்சையும் இணைக்கும் பந்து மூட்டான பால் ஜாயின்ட் தன் எல்லைக் கோணத்தை நெருங்கும். ஸ்டியரிங்கின் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பியான டை ராட் சாய்ந்துவிட்டால், மேடு பள்ளத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பாமலேயே சக்கரம் கொஞ்சம் திரும்பும். நெடுஞ்சாலை வேகத்தில் அது என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, முன்பக்கத்தின் பாரம் முழுவதும் அந்த வெல்டிங்கை நம்பித்தான் நிற்கிறது.

என் ஓட்டு டிராப் ஸ்பிண்டிலுக்கு. சக்கரம் மாட்டும் அச்சு இதில் கொஞ்சம் மேலே தள்ளி அமைந்திருக்கும். அதனால் சுமார் 6 செ.மீ. இறங்கும். கைகளின் கோணம், பால் ஜாயின்ட், சக்கரம் ஏறி இறங்கும் தூரம் எல்லாம் கம்பெனி வைத்தபடியே இருக்கும். குறை என்றால் விலை அதிகம், இதற்கு மேல் இறக்க முடியாது, சிலவற்றில் சக்கரம் வெளியே தள்ளி நின்று திருப்பும்போது ஃபெண்டரில் உரசும். குடும்பத்தோடு போகிற வேனுக்கு 6 செ.மீ. தாராளம்.

காற்றடைத்த பைகள் வண்டியைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் இன்னொரு வழி. பணமும் பராமரிப்பும் கேட்கும். காற்றிறங்கிய நிலையில் ஓட்டக் கூடாது.

1967-க்கு முந்தைய, முன் கண்ணாடி இரண்டாகப் பிரிந்த ஸ்பிளிட் ஸ்கிரீன் வேனின் பின்பக்கம் ஸ்விங் ஆக்சில்; அச்சு கியர்பாக்ஸ் பக்கம் மட்டும் மடங்கும், சக்கரமும் அதோடு சேர்ந்து சாயும். அதைக் கொஞ்சம் தாழ்த்தினால், வளைவில் சக்கரம் உள்ளே மடங்கும் ஆபத்து குறையும். நிறையத் தாழ்த்தினால் டயரின் உள்விளிம்பு தேய்ந்துபோகும்.

தாழ்த்திய பிறகு இடம் பத்தவில்லை என்று கார் டயரை மாட்டுகிறவர்களும் உண்டு. பே விண்டோவுக்கு உரியது 185 ஆர்14 சி என்ற பாரம் தாங்கும் டயர். எந்த வழியில் போனாலும் இதில் சமரசம் கூடாது.

பிரிட்டனில் 40 வயது தாண்டிய வண்டிக்கு, பெரிய மாற்றம் செய்யாதவரை, வருடாந்திர எம்.ஓ.டி. சோதனை கட்டாயமில்லை. அதனால் வெல்டிங்கை நீங்களே ஆளை வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்சூரன்ஸ்காரரிடமும் மாற்றத்தைச் சொல்லிவிடுங்கள். வேலை முடிந்ததும் வண்டியில் பாரம் ஏற்றி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து, பிரேக் ஹோஸ் எங்கேயாவது டயரைத் தொடுகிறதா என்று குனிந்து பாருங்கள்.