சுருளா, திரவமா, களிம்பா, வலையா: எந்தக் கொசுவுக்கு எது?

மழைக்காலம் தொடங்கிவிட்டால் சென்னையின் மளிகைக் கடைகளில் கொசுவத்திச் சுருளும், மின்செருகியில் பொருத்தும் திரவக் குப்பியும், தடவிக்கொள்ளும் களிம்பும், கொசு அடிக்கும் பேட்டும் முன்வரிசைக்கு வந்துவிடுகின்றன. இவற்றில் எது சிறந்தது என்று கேட்பவர்கள் அனைவரும், எந்தக் கொசுவிடமிருந்து, எந்த நேரத்தில் பாதுகாப்பு வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். ஏனெனில் ஒரே வீட்டில் கடிக்கும் கொசுக்கள் ஒரே இனத்தவை அல்ல. ஒன்றுக்குச் சரியாக வேலை செய்யும் பொருள் மற்றொன்றுக்குப் பயன்படாமல் போகலாம்.

இரவில் காதருகே ரீங்காரமிட்டுத் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் கியூலெக்ஸ் இனக் கொசு. சாக்கடையிலும் தேங்கிய கழிவுநீரிலும் பெருகி, யானைக்கால் நோயைப் பரப்பக்கூடியது. நகரத்து மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி கிணற்றிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் முட்டையிட்டு, அதுவும் இருட்டிய பிறகே கடிக்கிறது. டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்பும் ஏடிஸ் ஈஜிப்டியோ பகலில் கடிப்பது. காலை விடிந்த பின் சில மணி நேரமும் மாலை மங்குவதற்கு முன் சில மணி நேரமும் அதற்கு உகந்த வேளை. மேசைக்கடியில் கணுக்காலைத் தேடி வரும் அதன் சத்தம் காதில் விழுவதே அரிது. நாம் வாங்கும் பொருள்களில் பெரும்பாலானவற்றை இரவு படுக்கும்போதுதான் இயக்குகிறோம் என்பதிலேயே சிக்கலின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

சுருளையும் திரவத்தையும் எதிரெதிரே வைத்துப் பார்ப்போம். இரண்டிலும் இருப்பது பைரித்ராய்டு என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பூச்சிமருந்துகள்தாம். சுருளில் அலெத்ரின் போன்றவையும், திரவத்தில் டிரான்ஸ்புளூத்ரின், பிராலெத்ரின் போன்றவையும் பரவலாகச் சேர்க்கப்படுகின்றன. எனவே ஒரு நிறுவனத்தின் பொருள் ‘இப்போதெல்லாம் கேட்பதில்லை’ என்று மற்றொன்றுக்கு மாறுபவர்கள் பல சமயம் அதே மருந்தின் தம்பியைத்தான் வாங்கி வருகிறார்கள். இந்த வகை மருந்துக்கு எதிர்ப்புத் திறன் பெற்றுவிட்ட கொசுக்கள் இந்தியா உட்பட உலகின் பல பகுதிகளில் கண்டறியப்பட்டுள்ளன.

வேறுபாடு மருந்தில் அல்ல, அது காற்றில் பரவும் முறையில் இருக்கிறது. சுருள் எரிந்துதான் மருந்தை வெளியிட முடியும். ஒரு சுருள் முழுவதும் எரியும்போது வெளியாகும் நுண்துகளின் அளவு 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என்று 2003ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. மூடிய அறையில், குழந்தையின் கட்டிலுக்கு அடியில் சுருளைக் கொளுத்தி வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்றும் இருப்பதை நினைத்தால் இந்த எண் சாதாரணமானதாகத் தெரியாது. ஆனாலும் மின்சாரம் நின்றுபோகும் இரவிலும், திண்ணையிலும், வயல்வெளிக் கொட்டகையிலும் சுருளுக்கு மாற்று எளிதில் கிடைப்பதில்லை. திறந்த இடத்தில் புகையின் கெடுதியும் குறைவு, காற்றடித்தால் அதன் பலனும் குறைவு.

திரவத்தில் புகை இல்லை. அதற்காக அதைத் தீங்கற்றது என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. சன்னல் ஓரளவேனும் திறந்திருக்க வேண்டும், ஆஸ்துமா உள்ளவர் உறங்கும் அறையில் அதைத் தவிர்ப்பது நல்லது. வண்ணமீன் தொட்டி இருக்கும் அறையில் அதை இயக்கவே வேண்டாம், ஏனெனில் பைரித்ராய்டுகள் மீனுக்குக் கொடிய நஞ்சு. அறைக்குள் வைத்துக்கொள்ள இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் என் தேர்வு திரவம்தான், ஆனால் இரவு பத்து மணிக்கு அல்ல. டெங்கு பரவும் மாதங்களில் பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்து வீட்டுப்பாடம் எழுத உட்காரும் மாலை நான்கரை மணிக்கே அதை இயக்க வேண்டும்.

அந்தப் பிள்ளை வகுப்பறையில் இருக்கும் ஏழெட்டு மணி நேரத்துக்கு என்ன செய்வது? அங்கே உடன் செல்லக்கூடியவை களிம்பும் முழுக்கை உடையும் மட்டுமே. களிம்பில் டீட், இக்காரிடின் போன்ற விரட்டிகள் எத்தனை விழுக்காடு இருக்கின்றன என்பதைப் பொறுத்தே அது தாங்கும் நேரம் அமையும். ஐம்பது விழுக்காட்டுக்கு மேல் டீட்டைக் கூட்டினால் கூடுதல் பயன் அநேகமாக இல்லை. நம் ஊர் வியர்வையில் எந்தக் களிம்பும் அட்டையில் அச்சிட்டுள்ள நேரம் வரை நிற்பதில்லை என்பதால், மாலையில் விளையாடப் போகும் முன் மீண்டும் தடவ வேண்டியிருக்கும். இரண்டு மாதத்துக்கும் குறைந்த குழந்தைக்கு விரட்டிக் களிம்பு கூடாது. சிறு பிள்ளைகளின் உள்ளங்கையில் தடவுவதும் கூடாது, அந்தக் கை நேராக வாய்க்கும் கண்ணுக்கும்தான் போகும்.

மருந்தை நம்பாமல் தடுப்பை நம்புபவர்களுக்குக் கட்டிலில் கட்டும் கொசுவலை, சன்னலில் பொருத்தும் வலை என இரண்டு வழிகள் இருக்கின்றன. மலேரியாவுக்கு எதிராகக் கட்டில் வலைக்கு நிகரான எளிய கருவி வேறில்லை. பூச்சிமருந்து ஊட்டிய வலையை மலேரியா பகுதிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதன் காரணம், அது உள்ளே இருப்பவரைக் காப்பதோடு மேலே வந்து அமரும் கொசுவையும் கொல்கிறது என்பதே. ஆனால் அதன் ஓரத்தைப் பாயின் அடியில் செருகாமல் விட்டாலும், தூக்கத்தில் முழங்கை வலையில் ஒட்டிக்கிடந்தாலும் கொசு தன் வேலையை முடித்துக்கொள்ளும். பகலில் உலவும் ஏடிஸுக்கு எதிராக, தூளியில் உறங்கும் கைக்குழந்தையையும் படுக்கையில் இருக்கும் முதியவரையும் தவிர வேறெவருக்கும் கட்டில் வலை பெரிதாக உதவுவதில்லை.

சன்னல் வலைக்கு இரவும் பகலும் ஒன்றுதான். செலவு ஒருமுறை, பலன் ஆண்டுக்கணக்கில். கடற்கரையை ஒட்டிய வீடுகளில் சாதாரண இரும்புக் கம்பிவலை சீக்கிரம் துருப்பிடித்து உதிர்ந்துவிடும் என்பதால் எவர்சில்வர் வலை அல்லது நைலான் வலையே ஏற்றது. ஒட்டுப்பட்டையால் ஒட்டும் மலிவு வலை வெயிலில் காய்ந்து ஒரு மூலையில் தொங்கத் தொடங்கும், அந்த மூலை போதும். குளியலறை வென்டிலேட்டரையும் சமையலறைப் புகைபோக்கி விசிறியின் துளையையும் மறந்துவிட்டு, ஹால் சன்னல்களுக்கு மட்டும் வலை அடித்துக்கொண்டவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மீயொலி எழுப்பிக் கொசுவை விரட்டுவதாக விற்கப்படும் கருவிகளைப் பற்றி ஒரு வரி போதும்: அவை கடியைக் குறைப்பதாக ஆய்வுகளில் நிறுவப்படவில்லை.

தெருவளவில் நடக்கும் போட்டி புகை மருந்துக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்கும் இடையிலானது. புகை வண்டி வந்தால்தான் ஏதோ நடக்கிறது என்று மக்கள் நம்புகிறார்கள், வராவிட்டால் கவுன்சிலரிடம் முறையிடுகிறார்கள். ஆனால் புகை, பறந்துகொண்டிருக்கும் கொசுவை மட்டுமே கொல்கிறது. புழுவையும் முட்டையையும் அது தொடுவதில்லை. அதுமட்டுமன்றி, ஏடிஸ் ஓய்வெடுப்பது வீட்டுக்குள், கொடியில் தொங்கும் சட்டைகளுக்குப் பின்னாலும் கட்டிலுக்கு அடியிலும். வண்டிச் சத்தம் கேட்டதும் நாம் செய்கிற முதல் காரியம் சன்னலைச் சாத்துவது.

ஏடிஸ் முட்டை, புழுவாகிக் கூட்டுப்புழுவாகிப் பறக்க நம் வெப்பத்தில் ஏறத்தாழ 7 முதல் 10 நாள் ஆகிறது. ஆகவே வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்தால் ஒரு தலைமுறையே பறக்காமல் போகிறது. கொட்டினால் மட்டும் போதாது என்பதை எங்கள் வீட்டு மணிபிளான்ட் குப்பியில் நான் கற்றுக்கொண்டேன். முட்டைகள் நீரில் மிதப்பதில்லை, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். குப்பியைப் பிரஷ் போட்டுத் தேய்த்த பிறகுதான் நெளியும் புழுக்கள் வருவது நின்றது. குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம் நீர் சொட்டி நிற்கும் தட்டை நாங்கள் இழுத்துப் பார்த்ததே அதற்கு அடுத்த வாரம்தான், அதிலும் புழு இருந்தது. பேட்டால் எத்தனை கொசுவை அடித்திருந்தாலும் அந்தத் தட்டுக்கு ஈடாகியிருக்காது.

கொசுவின் உடலில் டெங்கு வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவைத் தாங்கிய ஏடிஸ் கொசுக்களையே நகரத்தில் விடும் முறையும் இன்று களத்தில் இருக்கிறது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நடந்து 2021இல் முடிவு வெளியான ஆய்வில் அது டெங்குவை 77 விழுக்காடு குறைத்தது. புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையமும் இத்தகைய கொசு வகைகளை உருவாக்கியுள்ளது. இது வீட்டுக்காரர் வாங்கி வைக்கும் பொருள் அல்ல என்பதால் நம் ஒப்பீட்டில் இதற்கு இடமில்லை.

டெங்குவைப் பொறுத்தவரை பின்தங்கிய கட்டில் வலைக்கு ஒரே ஒரு சூழலில் முதலிடம் தர வேண்டியிருக்கிறது. வீட்டில் ஒருவருக்கு டெங்கு உறுதியானால், காய்ச்சல் தொடங்கிய முதல் ஐந்து நாள்கள் வரை அவர் இரத்தத்தில் வைரஸ் அதிகம் இருக்கும். அந்நாள்களில் அவரைக் கடிக்கும் ஏடிஸ், சுமார் 8 முதல் 12 நாள் கழித்து அடுத்தவருக்கு நோயைக் கொடுக்கும் நிலையை அடைகிறது. அந்த ஐந்து நாளும், நண்பகலிலும்கூட, நோயாளி வலைக்குள் படுத்திருக்க வேண்டும். அப்போது வலை காப்பது உள்ளே இருப்பவரை அல்ல, வெளியே கஞ்சி காய்ச்சிக்கொண்டிருப்பவரை.