தி டெதர்: ஸ்கோலியோசிஸுக்குக் கயிறு கட்டும் சிகிச்சை எந்தப் பிள்ளைக்குப் பொருந்தும்?

ஸ்கோலியோசிஸ், அதாவது முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும் கோளாறு உள்ள பிள்ளைக்கு முதுகைப் பெரிதாகத் திறக்காமல் வளைவைச் சரிசெய்ய முடியுமா என்று தேடும் பெற்றோர் விரைவிலேயே வந்து சேரும் பெயர் 'தி டெதர்': முள்ளெலும்புகளில் கயிறு கட்டி வளைவை இழுத்துப் பிடிக்கும் சாதனம். சிம்மர் பயோமெட் நிறுவனம் கொண்டுவந்த இந்தச் சாதனத்துக்கு அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. 2019 ஆகஸ்டில் அனுமதி கொடுத்தது. ஆனால் அது வழக்கமான அனுமதி அல்ல. குறைவான நோயாளிகளுக்கே தேவைப்படும் கருவிகளுக்கான மனிதாபிமான விலக்கின் கீழ் வந்தது. அதற்குப் பாதுகாப்பையும், பலன் கிடைக்கும் வாய்ப்பையும் காட்டினால் போதும். 57 பிள்ளைகளின் தரவு வைக்கப்பட்டது. இரண்டு ஆண்டு முடிவில் எக்ஸ்ரே கிடைத்த 44 பேரில் 43 பேருக்கு, ஃப்யூஷன் (முள்ளெலும்புகளை அசையாதபடி ஒன்றாக இணைக்கும் அறுவை) தேவைப்படாத அளவுக்கு வளைவு குறைந்திருந்தது. நல்ல கணக்குதான். ஆனாலும் அறுந்த கயிறுகள் பல அந்த இரண்டு ஆண்டுக்குப் பிறகே கண்ணில் படுகின்றன என்பதையும் சேர்த்தே அதைப் படிக்க வேண்டும்.

உள்ளே போகும் பாகங்கள் கொஞ்சம்தான்: எலும்பில் பதியும் முள் வைத்த ஆங்கர், டைட்டானியம் ஸ்க்ரூ, பாலியஸ்டர் வகை இழையால் ஆன வெள்ளைக் கயிறு, அதை ஸ்க்ரூ தலையில் இறுக்கிப் பிடிக்கும் சின்ன மறையாணி. வளைவின் புடைத்த பக்கம் கயிற்றை இழுத்துக் கட்டினால் அந்தப் பக்கத்து வளர்ச்சித் தட்டுகள் (எலும்பு நீளும் இடங்கள்) அழுந்தி மெதுவாக வளரும். குழிந்த பக்கம் தன்போக்கில் வளர்ந்து ஈடுகட்டும். ஆக, முதுகை நேராக்கும் வேலையில் பாதி கயிற்றுடையது, மீதி பிள்ளையின் வளர்ச்சியுடையது.

அதனால்தான் சின்னத் துளை வழியே செய்கிறார்கள் என்பதைவிட, பிள்ளைக்கு இன்னும் எவ்வளவு வளர்ச்சி பாக்கி என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்கிறோம். வயதை வைத்து இதைச் சொல்ல முடியாது. இடது கை எக்ஸ்ரேயில் விரல் எலும்புகளின் வளர்ச்சித் தட்டுகளைப் பார்த்து எலும்பு முதிர்ச்சியை எண்ணால் சொல்லும் சாண்டர்ஸ் நிலையைக் குறிப்பார்கள். 3, 4 என்றால் பொருத்தமான பருவம். அதற்கு முன்பே கட்டினால் முதுகு நேராகி, அங்கே நிற்காமல் எதிர்ப்பக்கம் வளையத் தொடங்கும். அப்போது கயிற்றைத் தளர்த்தவோ வெட்டவோ மறுபடி உள்ளே போக வேண்டும். 6, 7 ஆகிவிட்டால் துணைக்கு வர வளர்ச்சியே இருக்காது. எஃப்.டி.ஏ. சொல்லும் வரம்பு, காப் கோணம் (எக்ஸ்ரேயில் அளக்கும் வளைவின் அளவு) 30 முதல் 65 பாகை, பிரேஸ் (உடலில் அணியும் தாங்கு கவசம்) பலிக்காதவர்கள் அல்லது அணிய முடியாதவர்கள். பக்கவாட்டில் சாயும் எக்ஸ்ரேயில் வளைவு இளகிக்கொடுக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். விறைத்த வளைவுக்கு இது சரிவராது.

மார்புப் பகுதி வளைவென்றால் பிள்ளையைப் புடைத்த பக்கம் மேலே வரும்படி ஒருக்களித்துப் படுக்கவைத்து, அந்தப் பக்க நுரையீரலுக்குக் காற்றை நிறுத்துவார்கள். விலா இடைவெளிகளில் சில சிறு துளைகள், ஒன்றில் கேமரா. மார்பின் உட்சுவரை மூடியிருக்கும் ப்ளூரா என்ற சவ்வைத் திறந்து, முள்ளெலும்புகளைக் குறுக்கே கடக்கும் ரத்தக்குழாய்களை அடைத்த பிறகு, விலா எலும்பின் தலைக்குச் சற்று முன்னால் ஆங்கரையும் ஸ்க்ரூவையும் ஏற்றுவார்கள். ஸ்க்ரூ எதிர்ப்பக்கச் சுவரைப் பிடிக்க வேண்டும், ஆனால் நுனி அதிகம் வெளியே நீளக் கூடாது. வலப்பக்க வளைவில் அந்த நுனிக்கு எதிரே இருப்பது மகாதமனி. பிறகு கயிற்றைக் கோத்து ஒவ்வொரு மட்டமாக இழுத்துப் பூட்டுவார்கள். இழுவிசை வளைவின் உச்சியில் அதிகம், இரு முனைகளில் குறைவு. மேசையிலேயே முழுக்க நேராக்கிக் காட்டுவது திறமை அல்ல. முதல் நின்ற எக்ஸ்ரேயில் ஏறக்குறைய பாதி குறைந்திருந்தால் போதும், மீதிக்கு இடம் விட வேண்டும். இடுப்புப் பகுதி வரை கட்ட வேண்டுமானால் துளைகள் மட்டும் போதாது, விலாவில் தனியாக ஒரு சிறு கீறல் தேவைப்படும்.

மார்பில் ஒரு குழாயோடு வெளியே வரும் பிள்ளைக்கு முதல் சில நாள் மூச்சுப் பயிற்சி கட்டாயம். அமுங்கியிருந்த நுரையீரல் முழுக்க விரியாமல் போவதும், நீர் கோர்ப்பதும் இந்த நாட்களின் தொல்லைகள்.

கயிறு எக்ஸ்ரேயில் தெரியாது. அடுத்தடுத்த இரண்டு ஸ்க்ரூக்களுக்கு இடையிலான கோணம் முந்தைய படத்தைவிட 5 பாகைக்கு மேல் விரிந்திருந்தால் அங்கே அறுந்துவிட்டது என்று கொள்கிறார்கள். இடுப்புப் பகுதியில் இது அடிக்கடி நடக்கிறது. அங்கே அசைவு அதிகம், இழையும் தொடர்ந்து தேய்கிறது. அறுந்ததெல்லாம் தோல்வி அல்ல. வளர்ச்சி முடிந்த பிறகு அறுந்து வளைவு அப்படியே நின்றால் யாரும் தொடுவதில்லை. வளர்ச்சி பாக்கியிருக்கும்போது அறுந்து வளைவு ஏறினால் புதுக் கயிறு, இல்லையேல் ஃப்யூஷன்.

இதற்கு எதிரில் நிற்பது கம்பியும் ஸ்க்ரூவும் வைத்துப் பின்பக்கமாகச் செய்யும் ஃப்யூஷன். நீண்ட தழும்பு, இணைத்த பகுதியில் அசைவு இழப்பு, ஆனால் முடிவு முன்கூட்டியே தெரிந்தது, மறு அறுவை குறைவு. 65 பாகையைத் தாண்டிய பிள்ளைக்கும் வளர்ச்சி முடிந்த பிள்ளைக்கும் நாங்கள் தயங்காமல் அதையே சொல்வோம். சாண்டர்ஸ் 3-இல், மார்பில் மட்டும் 45 பாகை வளைவு, இளகிக்கொடுக்கும் முதுகு, மறு அறுவை வரக்கூடும் என்பதைப் புரிந்துகொண்ட குடும்பம் என்றால் டெதர் தகுந்த தேர்வு. சேருமுன் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை: பிள்ளையின் சாண்டர்ஸ் நிலை என்ன, அவர் கட்டியவர்களில் எத்தனை பேருக்கு மறு அறுவை ஆயிற்று, எலும்பு வளர்ச்சி முடியும்வரை எக்ஸ்ரே பார்ப்பது யார்.