எக்செல், கூகுள் ஷீட், வலைச் செயலி: சாலை மதிப்பீட்டுக்கு எது தோது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஊத்தான் மெலிந்தாங், தெலுக் இந்தான் பக்கம் சாலை வேலை எடுக்கும் சிறு குத்தகையாளரின் அலுவலகம் பெரும்பாலும் கடைவீட்டு மாடியில் ஓர் அறைதான். ஒரு கணினி, ஒரு அச்சுப்பொறி, எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்துவிட்டு வேலைக்கு வந்த ஒரு பிள்ளை. டெண்டருக்கு அளவும் விலையும் போடும் மதிப்பீட்டு வேலை இங்கேதான் நடக்கும். தளத்து அளவுகள் மேஸ்திரியின் புலன (வாட்ஸ்அப்) குரல் பதிவாக வரும். பின்னால் லோரி சத்தம். "அண்ணே, பதினேழா எழுபதா?" என்று அந்தப் பிள்ளை திரும்பக் கேட்டுத்தான் எண்ணைப் போடவேண்டும்.

அதனால் விற்பனையாளர் வந்து "எங்க செயலி எல்லாக் கணக்கையும் தானே போட்டுவிடும்" என்றால் எனக்குப் பெரிதாக ஆர்வம் வருவதில்லை. கணக்கை எக்செல்லும் போடும். தப்பான எண் உள்ளே நுழையும்போதே அதை எது தடுக்கிறது, யார் எப்போது மாற்றினார்கள் என்பதை எது சொல்கிறது என்றுதான் பார்க்கிறேன்.

முதலில் எக்செல். விலைப் பகுப்பாய்வுக்கு இதை அடிக்க ஆளில்லை. குவாரி விலை, லோரி வாடகை, டீசல், ஆள் கூலி, இயந்திர நேரம் என்று பிரித்துப் போட்டு ஒரு கன மீட்டருக்கு என்ன அடக்கம் என்று பார்க்கலாம். இந்த வட்டாரத்துக் களிமண்ணில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு தேவையும் உண்டு. தெலுக் இந்தானில் 1885இல் கட்டிய கோபுரம் இன்றைக்குச் சாய்ந்து நிற்பதே மண் இளக்கத்தால்தான். இப்படிப்பட்ட இடத்தில் சாலைக்குக் கொட்டும் மண் அமுங்கிக்கொண்டே போகும். வரைபடத்தில் இருக்கும் கன அளவு மட்டும் போதாது. அமுங்கலுக்கு எவ்வளவு கூடுதல் மண், அதற்கு எத்தனை லோரி நடை என்று பார்க்க எக்செல்லில் ஒரு பத்தியைச் சேர்த்தால் வேலை முடிந்தது. வெட்டிய களிமண் லோரியில் ஏறும்போது உப்பிவிடும் என்பதையும் அங்கேயே கணக்கில் எடுக்கலாம்.

ஆனால் பதிவு என்று வரும்போது எக்செல் ரொம்பவும் இளகிய மனசுக்காரன். பிகியூவில், அதாவது வேலை உருப்படிகளும் அளவுகளும் அடங்கிய பட்டியலில், 2.10 என்று ஓர் உருப்படி இருக்கும். தட்டினால் அது 2.1 ஆகிவிடும், ஏற்கெனவே இருக்கும் 2.1 உடன் மோதும். 2/5 என்று தட்டினால் தேதியாக மாறும். 1+250 என்ற சங்கிலித் தூரத்துக்கு (சாலைத் தொடக்கத்திலிருந்து 1 கிலோமீட்டர் 250 மீட்டர்) முன்னால் கைதவறி ஒரு சமக்குறி விழுந்தால் 251 என்று காட்டும். "1,250 மீ3" என்று அலகோடு சேர்த்து எழுதினால் அந்தக் கட்டம் எழுத்தாகிவிடும். மொத்தம் கூட்டும்போது அதைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். கட்டத்துக்குக் கட்டுப்பாடு போட்டு வைக்கலாம்தான், ஆனால் வேறு இடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டினால் அந்தக் கட்டுப்பாடே அழிந்துவிடும். அப்புறம், "பைனல்", "பைனல் 2", "உண்மையான பைனல்" என்று புலனத்தில் சுற்றும் கோப்புகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கூகுள் ஷீட்டில் இந்தக் கடைசித் தலைவலி இல்லை. கோப்பு ஒன்றுதான், எந்தக் கட்டத்தை யார் எப்போது மாற்றினார் என்று வரலாறு காட்டும். தளத்தில் இருப்பவர் கைப்பேசியிலேயே அளவைப் போடலாம். கூகுள் படிவம் ஒன்றை முன்னால் வைத்தால் இன்னும் நல்லது. தார்ப் பருமன் 20க்கும் 100க்கும் இடையில் இருந்தால்தான் ஏற்கவேண்டும் என்று அதில் வரம்பு கட்டலாம். இது சின்ன விஷயமாகத் தெரியும். ஒரு கிலோமீட்டர் சாலை, 7 மீட்டர் அகலம், மேல்தார் 50 மில்லிமீட்டர் என்றால் 350 கன மீட்டர். கன மீட்டருக்கு 2.35 டன் என்று வைத்தால் சுமார் 820 டன். 50க்குப் பதில் 5 விழுந்தால் அது 82 டன் ஆகிவிடும். அந்த விலையில் டெண்டர் கிடைத்தால் கொண்டாட முடியாது.

ஷீட்டின் பலவீனம் ரகசியம். அளவு போடும் பிள்ளைக்கு நம் விலை தெரியவேண்டியதில்லை. தாளை மறைத்து வைப்பது பூட்டே இல்லை. திருத்தும் உரிமை உள்ளவர் அதைத் திறந்து பார்த்துவிடலாம். விலைக்குத் தனிக் கோப்புதான் ஒரே வழி. முந்நூறு வரி பிகியூவைப் படிவத்தில் ஒவ்வொன்றாகப் போடுவதும் நடக்கிற காரியமில்லை. தளத்து அளவுகளுக்குப் படிவம் சரி, முழு பிகியூவுக்கு அல்ல.

சந்தா கட்டி உலாவியில் திறக்கும் மதிப்பீட்டுச் செயலிகள் இந்த இடத்தில்தான் முந்துகின்றன. உருப்படியைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கவேண்டும். அலகு அதோடு பூட்டியே வரும். சதுர மீட்டர் கேட்கும் இடத்தில் டன் போட முடியாது. ஜேகேஆர் (பொதுப்பணித் துறை) சாலை விவரக்குறிப்பில் மண்வேலைக்குப் பிரிவு 2, வடிகாலுக்கு 3, தார்த் தளத்துக்கு 4 என்று இருப்பதால் பட்டியலைப் பிரித்துவைப்பதும் சுலபம். அளவு போடுபவர், விலை போடுபவர், பார்வையிடுபவர் என்று உரிமைகளைப் பிரிக்கலாம். 5 லட்சம் ரிங்கிட்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு சிஐடிபி (கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம்) கேட்கும் 0.125 விழுக்காட்டு லெவிக் கட்டணத்தை மறந்துபோக விடாது.

அமெரிக்காவில் மாநிலச் சாலைத் துறைகள் பயன்படுத்தும் ஆஷ்டோவேர் புராஜெக்ட் இந்த வகையில் பெரிய பெயர். குத்தகையாளர் பக்கம் ஹெவிபிட் இருக்கிறது. இரண்டும் அங்குள்ள உருப்படிக் குறியீடுகள், அங்குள்ள டெண்டர் முறைக்காக வளர்ந்தவை. அவற்றின் ஒழுங்கைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். நம் ஊரில் சிஐடிபியின் ஜி2, ஜி3 தரத்தில் இருக்கும் சிறு குத்தகையாளர் வாங்கவேண்டிய பொருள் அல்ல.

உள்ளூரில் விற்கும் செயலிகளில் நான் பார்த்த குறை வேறு. பட்டியலில் இல்லாத உருப்படி வந்தால் திணறுகின்றன. அமுங்கலுக்குக் கூடுதல் மண் என்றால் அதற்கு ஒரு கட்டமே இருக்காது. "இதர" என்ற இடத்தில் திணிக்கவேண்டும், பிறகு அது எதற்கு என்று யாருக்கும் புரியாது. செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் இணையம் போய்விட்டால் பாதி நிரப்பிய பக்கம் காணாமல் போகும். கூகுள் ஷீட்டாவது குரோமில் முன்கூட்டியே அமைத்துவைத்தால் இணையம் இல்லாமலும் ஓடும்.

என் தீர்ப்பு இதுதான்: தளத்து அளவுகள் கூகுள் படிவம் வழியாக ஷீட்டுக்கு, விலைப் பகுப்பாய்வு முதலாளியின் கணினியில் எக்செல்லில். வருடத்துக்கு நாலைந்து டெண்டர் போடும் கம்பெனிக்கு இது தாராளம். ஒரே வாரத்தில் இரண்டு மூன்று டெண்டர் மூடுகிறது, இரண்டு மூன்று பேர் தட்டச்சு செய்கிறார்கள் என்றால் மட்டும் வலைச் செயலிக்குக் காசு போடலாம்.

அப்படிப் போடுவதானால் விற்பவர் எதிரிலேயே இரண்டு சோதனை. 2.10, 2.1 இரண்டையும் பதிந்து, கோப்பாக இறக்கி, எக்செல்லில் திறந்து பாருங்கள். செயலிக்குள் ஒழுங்காக இருந்தது வெளியே வரும்போது கெட்டுப்போவது உண்டு. அடுத்து, பாதிப் பதிவில் வைஃபையை அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள். சந்தா நின்றால் பழைய டெண்டர்களின் விவரம் எந்த வடிவில், எத்தனை நாளுக்குள் கைக்கு வரும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். வருடச் சந்தாவுக்குத் தள்ளுபடி என்பார்கள், அவசரப்பட வேண்டாம்.