எஞ்சினைத் திறக்குமுன் காதைக் கொடுக்கும் கராஜ்

எங்கள் வீட்டில் நிற்பது 1963ஆம் ஆண்டு மொறிஸ் மைனர், 1098 சீசீ எஞ்சின். சென்ற மார்கழியில் அதில் மெல்லத் தொடங்கிய ஒரு தட்டல் சத்தம், தை பிறப்பதற்குள் வீதியில் நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. முதலில் காட்டிய கராஜில் இரண்டு தடவை டப்பட் இடைவெளியை, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் றொக்கர் என்ற கைக்கும் இடையிலுள்ள சிறு இடைவெளியைச் சரிசெய்தார்கள், சத்தம் குறையவில்லை. பிறகு, பிஸ்டனின் தண்டை எஞ்சினின் அடியில் சுழலும் கிராங்க் தண்டோடு இணைக்கும் பெரிய பெயரிங் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும் என்று இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல் கணக்குச் சொன்னார்கள். ஒரு சோதனையும் செய்யாமல் சொல்லப்பட்ட முடிவு அது. அந்த நிலையில்தான், யாழ்ப்பாணம் கோண்டாவிலில் பலாலி வீதியிலிருந்து சற்று உள்ளே, பெயர்ப்பலகைகூட இல்லாமல் ஒரு வேப்பமரத்தடியில் நடக்கும் சிறிய கராஜுக்குக் காரைக் கொண்டுபோனேன்.

அறுபது வயதைத் தாண்டிய அந்த மெக்கானிக் பொனற்றைத் திறப்பதற்கு முன்பே என்னிடம் கேள்விகளை அடுக்கினார். காலையில் முதல் ஸ்டார்ட்டில் சத்தம் கூடுதலா, சூடேறிய பின் கூடுதலா. வெறுமனே நிற்கும்போது கேட்கிறதா, சுமையோடு ஓடும்போது மட்டுமா? குளிரில் கேட்டுச் சூட்டில் மறைந்தால் பிஸ்டன் சிலிண்டருக்குள் ஆடுகிறது என்று எண்ணலாம், என்னுடையதோ சூட்டிலும் மாறாத சத்தம் என்று விளக்கினார். பிறகு நீண்ட ஸ்குறூ டிறைவர் ஒன்றின் நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்து, கீழே ஒயில் தேங்கும் சம்ப்பிலிருந்து மேலே டப்பட் கவர் வரை இடம் இடமாகக் கேட்டார். என்னையும் கேட்கச் சொன்னார். சம்ப்பில் அடங்கியிருந்த சத்தம், கவரின் பின்பக்கத்தில் காதுக்குள் ஆணி அடிப்பதுபோல் தெளிவாக விழுந்தது.

அதோடு அவர் விட்டுவிடவில்லை. பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். பெரிய பெயரிங் தேய்ந்திருந்தால், அந்தச் சிலிண்டரின் பிளக்கை நிறுத்தியதும் அதன்மேல் விழும் அடி குறைந்து சத்தமும் தணியும். நான்கையும் மாறி மாறி நிறுத்தியும் எங்கள் சத்தம் அசையவில்லை. விசிறி பெல்ட்டைக் கழற்றி ஒரு நிமிடம் ஓடவிட்டார். சத்தம் அப்படியே இருந்ததால் தண்ணீர்ப் பம்ப்பும் டைனமோவும் சந்தேகத்திலிருந்து விடுவிக்கப்பட்டன. யாழ்ப்பாணத்தில் எஞ்சினுக்குச் சுமை கொடுக்க ஏற்றமான வீதி ஏது? ஆகவே ரொப் கியரில் மெதுவாக ஓட்டி, ஒரேயடியாக அக்சிலேற்றரை மிதித்துக் கேட்டார். சுமையில் சத்தம் தடிக்கவில்லை. கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றும்போது வால்வுகளை இயக்கும் கேம் தண்டு ஒரு சுற்றுத்தான் சுற்றும் என்பதால், வால்வுப் பக்கத்துச் சத்தம் எஞ்சின் வேகத்தின் பாதியில் விழும். எங்கள் தட்டலும் அப்படியே விழுந்தது.

அப்படியானால் டப்பட் சரிசெய்தும் ஏன் நிற்கவில்லை? இந்த இடத்தில்தான் அவருடைய திறமையை முழுதாகக் கண்டேன். கவரைக் கழற்றி, ஆறாம் றொக்கரின் முகத்தில் என் விரலை வைத்துத் தடவச் சொன்னார். வால்வுத் தண்டு அடித்து அடித்து, நகக்கண் அளவில் ஒரு குழி விழுந்திருந்தது. இந்த எஞ்சினுக்கு இடைவெளி 0.012 அங்குலம், ஆனால் தட்டையான அளவுத்தகடு குழியின் இரு கரைகளிலும் பாலம்போல் தங்கிவிடுவதால், உண்மையான இடைவெளி அதைவிடக் கூடியதாகவே இருக்கும். "தகடு சரியெண்டுதான் சொல்லும், தம்பி. குழிக்குள்ள கிடக்கிற இடைவெளி அதுக்குத் தெரியாது" என்றார்.

றொக்கர்கள் கோத்திருக்கும் றொக்கர் தண்டைக் கழற்றியபோது, மேற்பக்கம் பளபளவென்று இருக்க, அடிப்பக்கம் படிபடியாகத் தேய்ந்திருந்தது. இந்த வண்டி மண்ணெண்ணெயில் ஓடியதா என்று உடனே கேட்டார். ஓடியதுதான். 1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் அரிதாக இருந்தபோது, சிறு போத்தலில் இருந்த பெற்றோலைக் காட்டி ஸ்டார்ட் செய்து, பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி அப்பா இதை ஓட்டினார். நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றியதும் இதிலேதான். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைக் கடந்து இறங்கி ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும் என்றும், உச்சியில் இருக்கும் றொக்கர்களுக்கு அது பொல்லாத பாதிப்பு என்றும் அவர் சொன்னார். அந்தத் தண்டை நான் எறியவில்லை, வீட்டில் வைத்திருக்கிறேன்.

வேலையில் ஒழுங்கு இருந்தது. றொக்கர் தண்டைப் பிடிக்கும் நட்டுகளில் நான்கு சிலிண்டர் ஹெட்டையும் பிடிப்பதால், தண்ணீரை முதலில் இறக்கி, எல்லா ஹெட் நட்டுகளையும் சிறிது சிறிதாகத் தளர்த்திய பின்பே கழற்றினார். அவசரக்காரர்கள் இதைச் செய்யாமல் விட்டு, ஹெட்டைக் கோணவைத்து விடுவார்கள்.

குறைகளையும் சொல்லவேண்டும். றொக்கர் தொகுதி கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து வரவேண்டியிருந்ததால் ஒன்பது நாட்கள் சென்றன. இடையில் தகவல் எதுவும் தரமாட்டார், நாம்தான் போய்க் கேட்கவேண்டும். எழுத்தில் பில் கிடையாது. மழை பெய்தால் வேலை நின்றுவிடும். உதிரிப்பாகத்துக்கு 32,000 ரூபாயும் கூலியாக 9,500 ரூபாயும் கொடுத்தேன். நான்கு மடங்குக்கும் மேல் செலவாகும் ஒரு வேலையை வேண்டாம் என்று சொல்லி அனுப்பக்கூடிய கராஜ் என்பதால், பழைய கார் வைத்திருப்பவர்களுக்குத் தயங்காமல் சிபாரிசு செய்கிறேன். கணினி பொருத்திச் சோதிக்கும் புதிய வாகனங்களை அவரே எடுப்பதில்லை.

இப்போது எஞ்சின் சீராக ஓடுகிறது. 500 மைல் ஓடிய பின் ஹெட் நட்டுகளை மீண்டும் இறுக்கிப் பார்க்கக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். அதற்கு இன்னும் 140 மைல் இருக்கிறது.