வாசலில் மீட்டரா, மாடியில் மீட்டரா? சென்னைத் தண்ணீர்க் கட்டணத்துக்கு மூன்று வழிகள்

சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சம்ப்புக்கு, அதாவது தரைக்கு அடியில் உள்ள தொட்டிக்கு, தண்ணீர் மூன்று வழிகளில் வந்து சேர்கிறது: மெட்ரோ வாட்டர் எனப்படும் குடிநீர் வாரியத்தின் குழாய்நீர், போர்வெல், லாரி. மூன்றும் ஒரே தொட்டியில் விழுந்து கலந்து மொட்டைமாடிக்கு ஏறிய பிறகு, குளியலறைக் குழாயில் வருவது எந்தத் தண்ணீர் என்று யாராலும் பிரித்துச் சொல்ல இயலாது. "எல்லா வீட்டுக்கும் மீட்டர் வைத்துவிட்டால் தீர்ந்தது" என்பவர்களும் சரி, "மீட்டர் வந்தால் இல்லாதப்பட்டவர்கள் என்ன செய்வார்கள்" என்று கேட்பவர்களும் சரி, பெரும்பாலும் இந்தச் சம்ப்பை மறந்துவிட்டுத்தான் பேசுகிறார்கள். இப்போதுள்ள நிலைக் கட்டணம், வாரியம் வாசலில் பொருத்தும் மீட்டர், குடியிருப்போர் தாங்களே மாடித் தொட்டிக்குக் கீழே வீடுவீடாகப் பொருத்திக்கொள்ளும் மீட்டர் ஆகிய மூன்றையும் அந்தச் சம்ப்பின் அருகே நின்று ஒப்பிட்டுப் பார்ப்பதே இங்கு நோக்கம்.

முதலில் நிலைக் கட்டணம். 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அமைந்த சென்னைக் குடிநீர் வாரியம், வீட்டுக்காரர்களிடம் இரண்டு வகையில் பணம் பெறுகிறது. கட்டடத்தின் ஆண்டு மதிப்பில், அதாவது ஓராண்டு வாடகையாக மதிப்பிடப்படும் தொகையில், 7 விழுக்காடு குடிநீர், கழிவுநீர் வரி. அதற்கு மேல், மீட்டர் இல்லாத வீடுகளுக்கு மாதத்துக்கு நூறு ரூபாயை ஒட்டிய ஒரு நிலையான குடிநீர்க் கட்டணம். ஒரு குடம் பிடித்தாலும் ஒரு லாரி அளவு பிடித்தாலும் தொகை மாறாது. இந்த ஏற்பாட்டைக் கேலி செய்வது எளிது. ஆனால் இதன் வசதிகளையும் சொல்லியாக வேண்டும். அளவெடுக்க ஆள் தேவையில்லை, பழுதான மீட்டரை மாற்றும் வேலையில்லை, "போன மாதம் ஊரில் இல்லையே, எப்படி இவ்வளவு வந்தது?" என்ற தகராறு இல்லை. எவ்வளவு கட்ட வேண்டும் என்பது ஆண்டின் தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது.

குறைகளில் பெரியது, வரி கட்டடத்தைப் பார்க்கிறதே தவிரத் தண்ணீரைப் பார்ப்பதில்லை என்பது. மயிலாப்பூரில் பழைய பெரிய வீட்டில் தனியாக வாழும் ஒரு மூதாட்டி, புறநகரில் சின்ன ஃபிளாட்டில் தினமும் கார் கழுவும் குடும்பத்தைவிட அதிகம் கட்ட நேரலாம். இரண்டாவது குறை 2019-இல் வெளிப்பட்டது. அந்த ஆண்டுக் கோடையில் நகரத்தின் ஏரிகள் வறண்டு, ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீர் வில்லிவாக்கத்துக்கு ரயிலில் வந்திறங்கிய நாட்களிலும், வரிக்கும் நிலைக் கட்டணத்துக்கும் விடுமுறை கிடையாது. குழாயில் காற்று வந்தாலும் கணக்கு ஒன்றுதான். நியாயம் என்ற கோணத்தில் மீட்டருக்கு ஆதரவான மிக வலுவான வாதம் இதுவே. ஆனால் மீட்டரை வலியுறுத்துபவர்கள் இதைச் சொல்வது அரிது. அளந்து கொடுத்தால், கொடுக்காத தண்ணீருக்குக் காசு கேட்க முடியாது.

மூன்றாவது குறை விலைக்கும் செலவுக்கும் உள்ள தூரம். மீஞ்சூரில் 2010 முதல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையிடமிருந்து வாரியம் தண்ணீர் வாங்கத் தொடங்கியபோதே, விலை கிலோ லிட்டருக்கு, அதாவது ஆயிரம் லிட்டருக்கு, ஐம்பது ரூபாயை நெருங்கியிருந்தது. தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற நகர்ப்புற அளவுகோலை எடுத்துக்கொண்டால் நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு மாதம் 16.2 கிலோ லிட்டர் வேண்டும். அத்தனையும் கடல்நீரிலிருந்து வந்தால் தண்ணீரின் விலை மட்டும் ஏறத்தாழ 800 ரூபாய். நெம்மேலியில் 2013-இல் ஒன்றும் 2024-இல் இன்னொன்றுமாக ஆலைகள் கூடக்கூட இந்தத் தூரமும் கூடிக்கொண்டே போகிறது.

இரண்டாவது வழியான வாசல் மீட்டருக்குச் சென்னையில் அனுபவம் குறைவு. பெரும்பாலும் வணிக நிறுவனங்களோடும் மொத்தமாகப் பயன்படுத்துவோரோடும் நின்றுவிட்டது. ஆகவே பக்கத்து ஊரைப் பார்ப்போம். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து காவிரியை மேட்டுக்கு ஏற்றிக் கொண்டுவரும் பெங்களூரில் அநேகமாக எல்லா இணைப்புக்கும் மீட்டர் உண்டு. 2014 முதல் 2025 வரை நடப்பில் இருந்த வீதத்தின்படி, தனி வீட்டுக்கு மாதத்தின் முதல் 8 கிலோ லிட்டர் வரை கிலோ லிட்டர் ஒன்றுக்கு 7 ரூபாய், 25 வரை 11 ரூபாய், 50 வரை 26 ரூபாய், அதற்கு மேல் 45 ரூபாய். மேலே சொன்ன நான்கு பேர் குடும்பத்துக்கு இதன்படி தண்ணீருக்கு மட்டும் சுமார் 146 ரூபாய் ஆகும். அதே குடும்பம் அடுக்குமாடியில் இருந்தால், மொத்த இணைப்புக்குக் கிலோ லிட்டருக்கு 22 ரூபாய் என்ற ஒரே வீதத்தில் 356 ரூபாய். குளித்ததும் துவைத்ததும் ஒன்றுதான். வாசலில் மீட்டர் தனியாக இருந்ததா, கூட்டாக இருந்ததா என்பதே விலையை இரண்டரை மடங்காக்கிவிட்டது.

படிப்படியாக ஏறும் கட்டணத்தில் இன்னொரு சிக்கல், படிகள் வீட்டை எண்ணுகின்றன, தலைகளை எண்ணுவதில்லை என்பது. டெல்லியில் 2015 மார்ச் முதல் மீட்டர் உள்ள வீடுகளுக்கு மாதம் 20 கிலோ லிட்டர் இலவசம். அந்த அளவைத் தாண்டினால் முழுவதற்கும் கட்ட வேண்டும். நான்கு பேர் குடும்பம் 16.2-இல் நின்று ஒன்றும் கட்டாமல் தப்பிக்கிறது. அதே சிக்கனத்தோடு வாழும் ஆறு பேர் குடும்பம் 24.3-ஐத் தொட்டு முழு ரசீதையும் வாங்குகிறது. தாத்தா பாட்டியோடு சேர்ந்து வாழ்வதற்கு அபராதம் போல இருக்கிறது இது. நமது ஒண்டுக் குடித்தன வீடுகளில், ஐந்து குடும்பங்கள் ஓர் இணைப்பைப் பகிர்ந்துகொள்ளும் இடத்தில், இது இன்னும் கடுமையாகும். இலங்கையில் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, சமுர்த்தி என்ற அரசின் வறுமை ஒழிப்புத் திட்டத்தில் உதவி பெறும் குடும்பங்களுக்கென்று தனிச் சலுகை வீதம் வைத்து இந்தச் சிக்கலை ஓரளவு சமாளித்தது. எல்லாருக்கும் இலவசம் என்று அறிவிப்பதைவிட அது எனக்கு நேர்மையான வழியாகப் படுகிறது.

சிங்கப்பூரை உதாரணம் காட்டாமல் தண்ணீர்க் கூட்டம் எதுவும் முடிவதில்லை என்பதால் அதையும் பார்த்துவிடலாம். 2025 ஏப்ரலிலிருந்து அங்கே மாதம் 40 கன மீட்டர் வரை, வரிகள் சேர்த்து, ஜிஎஸ்டி நீங்கலாக, ஒரு கன மீட்டருக்கு 3.24 சிங்கப்பூர் டாலர். ஒரு கன மீட்டர் என்பதும் ஒரு கிலோ லிட்டர் என்பதும் ஒன்றே. 2003-இல் தலைக்கு நாளொன்றுக்கு 165 லிட்டராக இருந்த வீட்டுப் பயன்பாடு பதினைந்து ஆண்டுகளில் 141-க்கு இறங்கியது. ஆனால் அங்கே ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் தனி மீட்டர். குழாயில் இருபத்து நான்கு மணி நேரமும் அழுத்தத்தோடு தண்ணீர். போர்வெல்லும் லாரியும் கிடையாது. வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு சொட்டும் அந்த ஒரே மீட்டரைக் கடந்தாக வேண்டும். விலையை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட முடியாது.

ஏனெனில், விட்டுவிட்டு வரும் தண்ணீருக்கு வாசல் மீட்டர் தோதான கருவியல்ல. தண்ணீர் திறந்துவிடும் நேரத்தில் காலிக் குழாயில் அடைந்திருக்கும் காற்றுதான் முதலில் தள்ளப்பட்டு வருகிறது. மீட்டருக்குள் இருக்கும் சின்னச் சக்கரத்துக்குக் காற்றும் நீரும் ஒன்றே, காற்றில் இன்னும் வேகமாகவே சுற்றும். அழுத்தம் குறைந்து நூல்போல ஒழுகும் நேரத்தில் அதே சக்கரம் அசையாமல் நின்று, போகும் தண்ணீரைக் கணக்கில் விட்டுவிடும். குழாயில் வரும் மணலும் துருவும் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தெருக்குழாயிலிருந்து நேரே மோட்டார் வைத்து உறிஞ்சுவது தடை செய்யப்பட்டிருந்தும் நடப்பது ஊரறிந்தது. அப்படி உறிஞ்சும்போது குழாயின் விரிசல்கள் வழியே சாக்கடை உள்ளே இழுக்கப்படும் ஆபத்து மீட்டர் துல்லியத்தைவிடப் பெரிய கவலை.

இவை அனைத்தும் சரியானாலும், அடுக்குமாடியில் வாசல் மீட்டர் அளப்பது மூன்று வழிகளில் ஒன்றை மட்டுமே. மெட்ரோ தண்ணீருக்கு விலை ஏறினால் குடியிருப்போர் சங்கச் செயலாளர் போர்வெல் மோட்டாரை இன்னும் ஒரு மணி நேரம் ஓடவிடுவார். வாரியத்தின் கணக்கில் சிக்கனம்; நிலத்தடியில் நஷ்டம்.

இனி மூன்றாவது வழி. மாடித் தொட்டியிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் இறங்கும் குழாயில் மீட்டர் வைத்தால், தண்ணீர் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியே எழாது. தொட்டி எப்போதும் நிறைந்திருப்பதால் காற்றுத் தொல்லையும் குறைவு. தடை வேறிடத்தில் இருக்கிறது. பழைய கட்டடங்களில் ஒரு வீட்டுக்கு ஒரே குழாய் வருவதில்லை. சமையலறைக்கு ஒன்று, இரண்டு குளியலறைகளுக்கு இரண்டு, துணி துவைக்கும் இடத்துக்கு ஒன்று என நான்கு குழாய்கள் தனித்தனியாக இறங்கி, ஒவ்வொன்றும் மேலிருந்து கீழ்வரை ஒரே வரிசையில் உள்ள எல்லா வீடுகளுக்கும் கிளைவிடும். இருபத்து நான்கு வீடு என்றால் தொண்ணூற்றாறு மீட்டர். மேல்தளத்தில் இன்னொரு வில்லங்கம்: தொட்டிக்கும் குழாய்க்கும் மூன்று நான்கு மீட்டர் உயர வித்தியாசம்தான் என்பதால், சக்கர மீட்டர் எடுத்துக்கொள்ளும் சிறு அழுத்தமே ஷவரை ஒழுகலாக்கிவிடும். அங்கே ஒரு பிரஷர் பம்ப் வைக்க வேண்டும், அல்லது சக்கரமே இல்லாத அல்ட்ராசோனிக் மீட்டருக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டும்.

எங்கள் குடியிருப்பில் இவ்வளவு செலவும் செய்து மீட்டர் வைத்தபோது, முதல் மாதத்திலேயே வாட்ச்மேன் வந்து, "சார், மூணாவது மாடியில பூட்டிக்கிடக்கிற வீட்டு மீட்டர் ராத்திரியும் சுத்துது" என்றார். டார்ச் அடித்துப் பார்த்தால், கறுப்பு எண்களுக்குக் கீழே இருக்கும் சிறிய சிவப்புச் சக்கரம் நிதானமாக, நிற்காமல் சுழன்றுகொண்டிருந்தது. உரிமையாளர் வெளிநாட்டில். சாவி வரவழைத்துத் திறந்தால் ஃப்ளஷ் டேங்க்கின் உள்வாஷர் தேய்ந்து, கோப்பையின் உட்சுவரில் கண்ணாடிப் படலம்போலச் சத்தமில்லாமல் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. மாதம் 9 கிலோ லிட்டர். அதை அதுவரை மற்ற இருபத்து மூன்று வீடுகளும் மெயின்டனன்ஸில் சமமாகப் பங்கிட்டுக் கட்டிவந்தோம். நிலைக் கட்டணமோ வாசல் மீட்டரோ இந்த வாஷரைக் கண்டுபிடித்திருக்காது. 2024 மார்ச்சில் பெங்களூரில் தட்டுப்பாடு வந்தபோது குழாய்களில் ஏரேட்டர் (நீரோடு காற்றைக் கலந்து ஓட்டத்தைக் குறைக்கும் சிறு மூடி) கட்டாயமாக்கப்பட்டதே, அதன் பலனைத் தன் வீட்டளவில் பார்க்கவும் வீட்டளவில் மீட்டர் இருந்தால்தான் முடியும்.

ஆனால் வீட்டு மீட்டர் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. வீடுகளின் கூட்டுத்தொகை, சம்ப்பிலிருந்து ஏறிய அளவோடு ஒருநாளும் ஒத்துப்போகாது. படிக்கட்டு கழுவுவது, தோட்டம், தொட்டி வழிவது எல்லாம் அந்த இடைவெளியில் இருக்கின்றன. இதை யார் தலையில் போடுவது என்பதற்கு எங்கள் பொதுக்குழு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவிட்டது. பாதிச் செலவைச் சமமாகவும் மீதியை அளவுக்கேற்பவும் பிரிப்பது என்று முடிவானது. முழுவதையும் அளவுக்கேற்பப் பிரிப்பதே நியாயம் என்று வாதாடியவர்களில் நானும் ஒருவன். மோட்டார், மின்சாரம், தொட்டி சுத்தம் செய்வது ஆகியவை பூட்டிய வீட்டுக்காகவும் நடக்கின்றன என்று எதிரணி சொன்னது சரி என்று பிறகு ஒப்புக்கொண்டேன்.

ஆகவே என் தரவரிசை இப்படி. அடுக்குமாடிகளுக்கு மூன்றாவது வழியே முதலிடம். புதிய கட்டடங்களுக்கு அனுமதி வழங்கும்போதே வீட்டுக்கு ஒரே நுழைகுழாய் என்று கட்டாயமாக்கினால் தொண்ணூற்றாறு மீட்டர் இருபத்து நான்காகச் சுருங்கும். வாசல் மீட்டரை வணிக இணைப்புகளிலும், தண்ணீர் தொடர்ந்து வரும் பகுதிகளிலும் முதலில் வைக்கலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் தெருக்களில் அதற்கு இன்னும் நேரம் வரவில்லை. ஒண்டுக் குடித்தனங்களுக்கும், தெருமுனைத் தொட்டியில் குடம் நிரப்புபவர்களுக்கும் நிலைக் கட்டணமோ கட்டணமின்மையோ தொடர்வதுதான் சரி; அவர்களிடம் மிச்சப்படுத்த ஒன்றுமில்லை.

வாசலில் ஒரு மீட்டருக்கு மட்டும் நான் விதிவிலக்கு அளிப்பேன். வீட்டு மீட்டர்களுக்குப் பிறகு எங்கள் குடியிருப்பில், லாரித் தண்ணீர் சம்ப்பில் இறங்கும் குழாயிலும் ஒன்று பொருத்தினோம். 12,000 லிட்டர் என்று பில் போட்டு வந்த முதல் லாரி காலியானபோது அது காட்டியது 10,800. ஓட்டுநர் மீட்டரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் ஹோஸைச் சுருட்டினார். அடுத்த வாரத்திலிருந்து, லாரி உள்ளே வந்ததும் ஒருமுறையும் வெளியே போகுமுன் ஒருமுறையும் வாட்ச்மேன் எண்ணைக் குறித்துவைக்கிறார். பில் அந்தக் கழித்தலின்படிதான் பட்டுவாடா ஆகிறது.