சொந்த லேபிளா, சிறு லேபிளா: ஒரு ஃபோக் பாடகர் போட வேண்டிய கணக்கு

அமெரிக்காவில் கிதாரை வைத்துக்கொண்டு சொந்தமாகப் பாட்டு எழுதிப் பாடுகிறவர்களுக்கு, முதல் ஆல்பம் பதிவாகி முடிந்ததும் ஒரு கேள்வி வந்து நிற்கும். இதை ஒரு லேபிளிடம், அதாவது பாட்டுகளை வெளியிட்டு விற்கும் நிறுவனத்திடம், கொடுப்பதா, நாமே வெளியிடுவதா? நான் வட கரோலினாவில் வேலை பார்த்துக்கொண்டே ஃபோக், அமெரிக்கானா என்ற நாட்டுப்புறச் சாயல் கொண்ட பாடல்களை எழுதிப் பாடுகிறேன். சென்ற ஆண்டு ஒரு சிறு லேபிள் எனக்கு ஒப்பந்தம் அனுப்பியது. நான் கையெழுத்திடாமல் என் பெயரிலேயே வெளியிட்டேன். இன்றும் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன், ஏன் என்பதை விரிவாகவே சொல்கிறேன்.

பெரிய நிறுவனங்களை இங்கே விட்டுவிடலாம். முன்பணம் பெரிது, விளம்பரம் பெரிது, ஆனால் நம்மைப் போன்றவர்களைத் தேடி அவர்கள் வருவதில்லை. அவர்களோடு வேலை செய்த அனுபவமும் எனக்கு இல்லை. ஸ்ட்ரீமிங் வருமானம் சொற்பம் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. 2024 முதல், கடந்த பன்னிரண்டு மாதங்களில் ஆயிரம் முறைகூடக் கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை பதிவு ராயல்டி கொடுப்பதில்லை. லேபிளோடு போனாலும் தனியாகப் போனாலும் இது ஒன்றுதான். சாப்பாட்டுக்கான பணம் கச்சேரியிலும், அங்கே மேசை போட்டு விற்கும் சிடி, வினைல், பனியனிலும்தான் இருக்கிறது. வீட்டுக் கச்சேரிகளில் பெரும்பாலும் வசூல் முழுவதும் பாடகருக்கே போகும்.

அப்படியானால் இரண்டுக்கும் நடுவே எதை வைத்து முடிவெடுப்பது? என் பதில் ஒன்றே ஒன்று: மாஸ்டர் யார் கையில்?

ஒரு பாட்டில் இரண்டு சொத்துகள் உண்டு. வரியும் மெட்டும் சேர்ந்த பாடல் ஒன்று, அதைப் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவு இன்னொன்று. முதலாவது எழுதியவருடையது. இரண்டாவதைத்தான் மாஸ்டர் என்கிறோம். லேபிள் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். பலர் சதவீதத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேரம் பேசிவிட்டு, ‘நிரந்தரமாக’ என்ற ஒற்றைச் சொல்லைக் கவனிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள்.

ஜான் பிரைனை எடுத்துக்கொள்ளுங்கள். இல்லினாயில் தபால்காரராக இருந்து, 1971இல் அட்லாண்டிக் என்ற பெரிய நிறுவனம் மூலம் முதல் ஆல்பம் வெளியிட்ட பாடகர். பெரிய நிறுவனங்களில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, 1981இல் நண்பர்களோடு சேர்ந்து ‘ஓ பாய்’ என்ற சொந்த லேபிளைத் தொடங்கினார். ரசிகர்கள் ஆல்பத்துக்கான பணத்தை முன்கூட்டியே அனுப்பிவைத்தார்கள். 1991இல் அவர் அதில் வெளியிட்ட ஆல்பம் கிராமி வாங்கியது. ஆனால் அவருடைய புகழ்பெற்ற பழைய பாடல்களின் ஒலிப்பதிவுகள் முந்தைய நிறுவனங்களிடமே கிடந்தன. அதனால் அவற்றில் பலவற்றைத் திரும்பப் பாடிப் பதிவு செய்து, 2000இல் தன் லேபிளில் ஒரு ஆல்பமாகக் கொண்டுவந்தார். எழுதியவரும் அவரே, பாடியவரும் அவரே. இருந்தும் தன் கைக்கு ஒரு பதிவு வேண்டுமென்றால் மறுபடி ஸ்டுடியோவுக்குப் போக வேண்டியிருந்தது. இளைஞராகப் பாடிய அந்தக் குரலை எந்த ஸ்டுடியோவிலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

சேர்ந்து பாடும் கிலியன் வெல்ச்சும் டேவிட் ராலிங்ஸும் வேறு வழியில் போனார்கள். முதல் இரண்டு ஆல்பங்கள் அல்மோ சவுண்ட்ஸ் என்ற லேபிளில் வந்தன. 2001இல் ‘அக்கோனி’ என்ற சொந்த லேபிளைத் தொடங்கினார்கள். 2002இல் பதிவு செய்து வெளியிடாமல் வைத்திருந்த 48 பாடல்களை 2020இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்கள். யாரிடமும் அனுமதி கேட்டு நிற்கவில்லை, ‘இப்போது விற்குமா’ என்று யாரும் அவர்களைக் கேட்கவுமில்லை. அதே ஆண்டு மார்ச்சில் நாஷ்வில்லைத் தாக்கிய சூறாவளி அவர்களுடைய உட்லண்ட் ஸ்டுடியோவின் கூரையைப் பிய்த்தபோது, அந்த இரவிலேயே ஒலிநாடாக்களைக் காப்பாற்றினார்கள். சொந்தச் சொத்து என்றால் இந்தப் பொறுப்பும் சேர்ந்துதான் வரும்.

இதில் பணக்கணக்கும் இருக்கிறது. சிரியஸ் எக்ஸ்எம் போன்ற டிஜிட்டல் வானொலிகளிலிருந்து சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு வசூலிக்கும் தொகையில் 50 சதவீதம் மாஸ்டர் உரிமையாளருக்கு, 45 பாடகருக்கு, 5 உடன் வாசித்தவர்களுக்கு. மாஸ்டர் உங்களுடையது என்றால் 95 உங்களுக்கு, லேபிளுடையது என்றால் 45தான். அமெரிக்காவில் சாதாரண ஏஎம், எஃப்எம் வானொலி ஒலிப்பதிவுக்குப் பணமே தருவதில்லை, பாடலாசிரியருக்கு மட்டும் தருகிறது. அதனால் இந்த டிஜிட்டல் வானொலிப் பணம் ஃபோக் பாடகர்களுக்கு நிஜமாகவே பெரிய விஷயம்.

அப்புறம் முன்பணம். லேபிள் தரும் முன்பணம் பாடகரின் ராயல்டிப் பங்கிலிருந்துதான் கழியும், மொத்த விற்பனையிலிருந்து அல்ல. உங்கள் பங்கு 15 சதவீதம் என்றும், வாங்கியது 10,000 டாலர் என்றும் வையுங்கள். அது கழிவதற்குள் ஏறக்குறைய 67,000 டாலர் வருமானம் வந்திருக்க வேண்டும். அந்தக் கடனை உங்கள் பங்கிலிருந்து அடைத்து முடித்த பிறகும் மாஸ்டர் லேபிளிடமே இருக்கும். வீட்டுக் கடனை முழுக்க அடைத்த பிறகும் பத்திரம் வங்கியின் பெயரிலேயே இருப்பது போன்றது இது. சிறு லேபிள்கள் பல, செலவு போக மீதியைச் சரிபாதியாகப் பிரிக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். அது இதைவிட எவ்வளவோ நியாயம். ஆனாலும் மாஸ்டர் கேள்வி அப்படியே நிற்கிறது. லேபிளை நாளை வேறொருவர் வாங்கினால் உங்கள் பாட்டும் சேர்ந்து போகும்.

அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் 35 ஆண்டுகளுக்குப் பிறகு உரிமையைத் திரும்பக் கேட்கும் வழி இருக்கிறது. ஆனால் அதற்குக் குறைந்தது இரண்டு ஆண்டு முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ‘இது கூலிக்குச் செய்த வேலை, அதனால் திரும்பக் கேட்க முடியாது’ என்று நிறுவனங்கள் எதிர்வாதமும் செய்கின்றன. அதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

சரி, தனியாகப் போவதில் கஷ்டம் இல்லையா? இருக்கிறது. பாட்டு பொதுவில் ஒலிப்பதற்கான பாடலாசிரியர் பணத்துக்கு ஆஸ்கேப் அல்லது பிஎம்ஐ, ஸ்ட்ரீமிங்கில் பாடலாசிரியருக்குச் சேர வேண்டிய ‘மெக்கானிக்கல்’ பணத்துக்கு எம்எல்சி, ஒலிப்பதிவுக்கு சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் என்று வசூல் அமைப்புகள் எல்லாவற்றிலும் நாமே பதிவு செய்ய வேண்டும். ஒன்றை விட்டால் அந்தப் பணம் அங்கேயே தேங்கும். பாட்டை ஸ்ட்ரீமிங் தளங்களில் ஏற்றித் தரும் சேவைகளில் டிஸ்ட்ரோகிட் ஆண்டுச் சந்தா கேட்கும். கட்டாமல் விட்டால், தனிக் கட்டணம் செலுத்தியிருந்தால் ஒழிய, பாட்டு தளங்களிலிருந்து இறங்கிவிடும். சிடி பேபிக்கு முதலில் ஒரு கட்டணம், பிறகு 9 சதவீதம். ரசிகருக்கு நேரடியாக விற்கும் தளமான பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுக்கும். நான் வருடச் சந்தாவைத் தவிர்த்தேன். என்றோ ஒரு நாள் நான் மறந்துபோனாலும் பாட்டு கேட்பவருக்குக் கிடைக்க வேண்டும்.

லேபிள் உண்மையிலேயே வெல்லும் இடம் அறிமுகம். வானொலி நிகழ்ச்சியாளர்கள், பத்திரிகையாளர்கள், விழா அமைப்பாளர்கள் எல்லோரோடும் அவர்களுக்குப் பல ஆண்டுப் பழக்கம். என் மின்னஞ்சல் திறக்கப்படாமல் கிடக்கும் இடத்தில் அவர்களுடைய தொலைபேசி அழைப்பு எடுக்கப்படும். வினைல் அச்சடிக்க முதல் போடுவதும் அவர்களே. ஐரோப்பாவில் சுற்றுப்பயணம் போக விரும்புகிறவருக்கு லேபிள் எவ்வளவு உதவும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. நான் அந்தப் பக்கம் போய்ப் பாடியதில்லை. வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்குகிறவருக்குக் கணக்கு என்னுடையதிலிருந்து மாறவும் கூடும்.

நடுவழி ஒன்றும் உண்டு. நாஷ்வில்லின் தர்ட்டி டைகர்ஸ் போன்ற நிறுவனங்கள் விநியோகமும் விளம்பரமும் செய்கின்றன, மாஸ்டர் பாடகரிடமே இருக்கிறது. பாடகர் ஜேசன் இஸ்பெல் தன் சவுத்ஈஸ்டர்ன் ரெக்கார்ட்ஸ் லேபிளில் வெளியிட்ட ஆல்பங்களும், பாடகர் டைலர் சில்டர்ஸின் 2017 ஆல்பமும் இப்படித்தான் வந்தன. ஏற்கெனவே கூட்டம் சேர்ப்பவர்களுக்கு என்னைக் கேட்டால் இதுதான் சிறந்தது.

லேபிளோடுதான் போவேன் என்றால் மாஸ்டரை எழுதிக் கொடுக்காமல், ஐந்து அல்லது ஏழு ஆண்டுக்கு உரிமம் மட்டும் கொடுங்கள். நான் அப்படிக் கேட்டேன், மரியாதையாக மறுத்தார்கள், மரியாதையாகப் பிரிந்தோம். தனியாகப் போனாலும் ஸ்டுடியோவிலிருந்து கிளம்பும் முன் ஒவ்வொரு குரலும் கருவியும் தனித்தனியாக இருக்கும் மல்டிடிராக் கோப்புகளைக் கையோடு வாங்கி இரண்டு இடங்களில் வையுங்கள். தயாரிப்பாளர், ஃபிடில் வாசித்தவர், உடன் பாடியவர் என எல்லோரிடமும் உரிமை உங்களுடையது என்று ஒரு பக்கக் கடிதத்தில் கையெழுத்து வாங்குங்கள். யாராவது உங்கள் பாட்டைப் படத்துக்குக் கேட்டு வரும்போது அவர்களின் வழக்கறிஞர் முதலில் கேட்பது அந்தக் கடிதங்களைத்தான்.