பழைய சிங்கர் 15 கால் மிஷின்: வாங்கி ஓட்ட வைக்கலாமா?

பழைய சாமான் கடைகளிலும் ஆன்லைன் விளம்பரங்களிலும் வரும் கால் மிதி தையல் மிஷின்களில் எதை நம்பி வாங்கலாம் என்று கேட்டால், முதல் பதில் சிங்கர் 15 வகை. அதை விட அழகானவை உண்டு, அதை விடப் பழையவையும் உண்டு. ஆனால் உதிரி பாகம் இன்றும் தெருமுனைக் கடையில் கிடைப்பது இதற்குத்தான். நம்மூர்த் தையல் கடைகளில் ஓடும் இந்திய பிராண்டு கறுப்பு மிஷின்களில் பெரும்பாலானவை இந்த 15இன் அச்சிலேயே செய்யப்பட்டவை. லூதியானாவிலிருந்து வரும் பாபின், பாபின் கேஸ், ஷட்டில் (மேல் நூலைப் பிடித்து பாபினைச் சுற்றிக் கொண்டுபோகும் பாகம்), பாதம் (துணியை அழுத்திப் பிடிக்கும் பாகம்) எல்லாம் பெரும்பாலும் இதற்கும் பொருந்தும்.

மாடல் எண்ணில் 15க்குப் பிறகு கே என்ற எழுத்து இருந்தால், அந்த ஹெட் (ஸ்டாண்டு நீங்கலாக, தைக்கும் மேல் பாகம்) ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில் இருந்த கில்போவி ஆலையில் செய்தது. 1885 முதல் 1980 வரை ஓடிய ஆலை அது. ஹெட்டின் வலது பக்கம், தூணின் அடியில், எழுத்தும் எண்ணுமாக வரிசை எண் பொறித்திருக்கும். ஒய் என்று தொடங்கினால் 1920, 30களைச் சேர்ந்தது. வயதைப் பார்த்து விலை கூட்டிக் கேட்பார்கள்; கொடுக்காதீர்கள். இந்த ஹெட்கள் லட்சக்கணக்கில் வந்தவை. தேய்மானம்தான் விலையைத் தீர்மானிக்க வேண்டும்.

இன்னொன்று: பளபளவென்று புதுப் பெயின்ட் அடித்து, புது ஸ்டிக்கர் ஒட்டி, "ரீகண்டிஷன்" என்று விற்பதை விட, மூலையில் தூசி படிந்து கிடக்கும் ஹெட்டே நல்ல சரக்கு. புதுப் பெயின்ட் எண்ணெய்த் துளைகளை அடைத்திருக்கும், வரிசை எண்ணை மூடியிருக்கும், உள்ளே இருக்கும் ஆட்டத்தையும் மறைத்திருக்கும். பழைய கறுப்புப் பூச்சும் தேய்ந்த தங்கப் பூ வேலையும் பொய் சொல்லாது.

கடையில் பார்க்க வேண்டியதற்குப் பத்து நிமிடம் போதும். பெல்ட்டைக் கழற்றிவிட்டு கைச் சக்கரத்தை உங்கள் பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். சுற்று முழுக்க ஒரே மாதிரி இறுக்கமாக இருந்தால் காய்ந்த எண்ணெய், பயப்பட வேண்டாம். ஒரே இடத்தில் வந்து "டக்" என்று நின்றால் ஷட்டிலில் நூல் சிக்கியிருக்கும், அல்லது ஊசி எதிலோ முட்டுகிறது. சக்கரம் சுற்றி ஊசி அசையாவிட்டால் சக்கரத்தின் நடுத் திருகு தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அடுத்து ஊசிக் கம்பியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள், கைச் சக்கரத்தை வெளியே இழுத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் அளவு ஆட்டம் இருந்தால் வேண்டாம். துருவும் பிசினும் போகும். தேய்ந்து அகலமான துளை திரும்பச் சுருங்காது. தட்டுத் தகட்டில் ஊசித் துளையைச் சுற்றி ஊசி குத்திய வடு நிறைய இருந்தால் பேரம் பேசுங்கள், அதற்காகக் கைவிட வேண்டியதில்லை. தகடு தனியாகக் கிடைக்கும்.

திருகு ஒன்றும் காணாமல் போயிருக்கக் கூடாது. சிங்கர் திருகுகளின் மரை அதற்கே உரியது. ஹார்டுவேர் கடைத் திருகைத் திணித்தால் இரும்பில் இருக்கும் மரை போய்விடும். கழற்றும்போதும் காடிக்குச் சரியாக அமரும் அகலமான ஸ்க்ரூடிரைவரே வேண்டும். இறுகிப்போன திருகுக்கு ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். சுத்தியலைத் தூரமாக வையுங்கள்.

ஓட வைக்கும் வேலையில் முக்கால் பங்கு சுத்தம் செய்வதுதான். ஹெட்டைச் சாய்த்து, முகத் தகட்டையும் தூணின் பின்னால் இருக்கும் வட்ட மூடியையும் கழற்றினால் எல்லா அசைவுகளும் கண்ணுக்குத் தெரியும். இரும்போடு இரும்பு உரசும் ஒவ்வொரு இடத்திலும், மேலே உள்ள எண்ணெய்த் துளைகளிலும் மண்ணெண்ணெய் விட்டு, சக்கரத்தைச் சுற்றுங்கள். பழுப்பு நிறத்தில் கரைந்து வருவதைத் துணியால் துடைத்து, மறுபடி விடுங்கள். கரையாமல் பிடிவாதமாக நிற்கும் இடத்தில் ஹேர் டிரையரால் சூடு காட்டினால் இளகும். மண்ணெண்ணெய் பிசினைக் கரைக்கும், உராய்வைத் தாங்காது. அது வழிந்து வற்றிய பிறகு தையல் மிஷின் எண்ணெய் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சொட்டு விட்டு, ஐந்து நிமிடம் ஓட்டி, மறுநாள் மறுபடி ஒரு சொட்டு.

தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும், நாளானால் பிசின் ஆகும். "மிஷின் கெட்டுவிட்டது" என்று மூலையில் போட்டவற்றில் பாதி இப்படி இறுகியவையாகத்தான் இருக்கும். விளக்கெண்ணெயும் வேண்டாம்.

வெளிப்பூச்சுக்கு இந்த வைத்தியம் ஒத்து வராது. தங்கப் பூ வேலைக்கு மேல் இருப்பது ஷெல்லாக். ஸ்பிரிட், தின்னர், சானிடைசர் பட்டால் கரையும். சோப்புத் தண்ணீர் பட்டால் தங்கம் வெள்ளியாக வெளுக்கும். தையல் மிஷின் எண்ணெயைப் பஞ்சில் நனைத்து மெதுவாகத் தேய்த்தால் அழுக்கு வரும், பூ வேலை நிற்கும். பொறுமை இல்லாதவர்கள் அழுக்கோடு விட்டுவிடுவது நல்லது.

துணியை நகர்த்தும் பல் இருக்கும் இடத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். தட்டுத் தகட்டைக் கழற்றினால் பற்களுக்கு நடுவே பஞ்சும் எண்ணெயும் சேர்ந்து கம்பளம் போல இறுகிப்போயிருக்கும். துணி நகராததற்கு முதல் காரணம் அதுதான். குண்டூசியால் கிளறி எடுங்கள். பல் உச்சத்துக்கு வரும்போது தகட்டின் மட்டத்துக்கு மேல் சுமார் ஒரு மில்லிமீட்டர் தெரிய வேண்டும்.

ஷட்டிலைக் கழற்றும்போது அதன் வளையத்துக்குள் சுற்றிக் கிடக்கும் பழைய நூலைப் பார்த்து எடுங்கள். ஷட்டிலின் மூக்கை நகத்தில் தடவினால் கீறக் கூடாது. பிசிறு இருந்தால் மிக மெல்லிய எமரித் தாளில் பாலிஷ் மட்டும்; அரைத்துக் குறுக்கினால் தையல் தாண்டும், அதாவது இடையிடையே விழாமல் போகும். புது ஷட்டில் போட்டால் சுலபம் என்று தோன்றும். பழையது நன்றாக இருந்தால் அதையே வையுங்கள், மலிவு ஷட்டில்களின் பினிஷிங் சீராக இருப்பதில்லை. பாபின் கேஸ் வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டுபோங்கள். 15க்கே இரண்டு விதம் உண்டு, மேலே நீட்டியிருக்கும் விரல் நிற்கும் இடம் மாறும். பார்க்க ஒன்றுபோல இருக்கும் தவறான கேஸ் போட்டால் ஊசி முறியும்.

"டைமிங் போயிடுச்சு" (ஊசியும் ஷட்டிலும் சந்திக்கும் நேரம் தவறிவிட்டது) என்று சொல்லும் மெக்கானிக்கிடம் உடனே சம்மதிக்காதீர்கள். இதில் ஷட்டிலை ஆட்டுவது இரும்புத் தண்டு; ரப்பர் பெல்ட் கிடையாது, தானாக நழுவ வாய்ப்புக் குறைவு. தையல் தாண்டினால் முதலில் ஊசியை மாற்றுங்கள். இதற்கு வேண்டியது ஒரு பக்கம் தட்டையான தண்டு உள்ள வீட்டு மிஷின் ஊசி. பவர் மிஷினின் உருண்டைத் தண்டு ஊசியைக் கடையில் தவறிக் கொடுத்துவிடுவார்கள்; நீளமே வேறு. தட்டைப் பக்கம் ஷட்டில் மூக்கைப் பார்த்து இருக்க வேண்டும், நூல் நீளக் காடி இருக்கும் எதிர்ப் பக்கத்திலிருந்து நுழைய வேண்டும். காட்டன் ரவிக்கைத் துணிக்கு 14, தடித்த துணிக்கு 16. ஊசியை முட்டும் வரை மேலே தள்ளி இறுக்குங்கள். இவ்வளவும் சரியாக இருந்தும் தாண்டினால் ஊசிக் கம்பி அதன் பிடியில் கீழே நழுவியிருக்கிறதா என்று பார்க்கலாம்.

டென்ஷனுக்கு, அதாவது நூல் இறுக்கத்துக்கு, வரிசை உண்டு: கீழே முடித்துவிட்டு மேலே வர வேண்டும். பாபின் கேஸை நூலில் தொங்கவிட்டால் தானாக இறங்கக் கூடாது, கையை லேசாக உதறினால் ஓரிரு அங்குலம் இறங்கி நிற்க வேண்டும். அதன் சின்னத் திருகைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். மேல் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே பழைய நூல் துண்டு, துரு இல்லாமல் துணியை விட்டு இழுத்துத் துடையுங்கள். அதை ஒட்டிய மெல்லிய கம்பி ஸ்பிரிங் ஒடிந்திருந்தால் மாற்ற வேண்டும். துணிக்கு அடியில் நூல் கூடு கட்டினால் எல்லோரும் பாபினைத் திட்டுவார்கள். பெரும்பாலும் குற்றம் மேல் நூலில் இருக்கும். பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மறுபடி கோத்துப் பாருங்கள்.

நடுத் திருகு இறுகவும் மாட்டேன் தளரவும் மாட்டேன் என்றால், யாரோ அதைக் கழற்றி உள் வாஷரை மாற்றி மாட்டியிருக்கிறார்கள். அதில் இரண்டு சின்னக் காதுகள் வளைந்திருக்கும். அவை வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். அப்படியும் பிடிக்காவிட்டால் அரைச் சுற்று திருப்பி மாட்டுங்கள். பாபின் சுற்றும் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் மாற்றிவிடலாம், சில்லறைக் காசு.

ஸ்டாண்டு விஷயத்தில் மிதி சத்தம் போட்டால் இரண்டு பக்கமும் அதைத் தாங்கும் கூர்முனைத் திருகுகளைப் பாருங்கள். ஆட்டம் நிற்கும் வரை இறுக்கி, ஒரு இழை தளர்த்தி, நட்டைப் பூட்ட வேண்டும். மிதியைப் பெரிய சக்கரத்தோடு இணைக்கும் தண்டின் மேல் முனைதான் அடுத்த சத்தம். சக்கர அச்சில் குண்டு பேரிங் இருந்தால் கிரீஸ், இல்லையென்றால் எண்ணெய்.

பெல்ட்டில் தோலே சிறந்தது. 3/16 அங்குலக் கனம், 72 அங்குல நீளத்தில் கிளிப்போடு கிடைக்கும். தேவைக்கு வெட்டி, முனையில் துளை போட்டு, கிளிப்பை வளைத்துப் பூட்டினால் வேலை முடிந்தது. நழுவாத அளவுக்கு மட்டும் இறுக்கம் போதும். இறுக்கினால் கால் வலிக்கும், பேரிங் தேயும். புதுத் தோல் சில வாரத்தில் தொய்யும், அரை அங்குலம் வெட்டிக் குறைக்க இடம் இருக்கும். பிளாஸ்டிக் கயிறு பெல்ட்டுகளும் வருகின்றன. சத்தம் குறைவு, ஆனால் மிதித்துத் தொடங்கும் நேரத்தில் வழுக்குகின்றன. எதைப் போட்டாலும் எண்ணெய் படக் கூடாது.

சக்கரம் உங்கள் பக்கமாகத்தான் சுற்ற வேண்டும். புதிதாக மிதிப்பவர்கள் தொடக்கத்தில் பின்னோக்கி ஓட்டி நூலைச் சிக்கவைப்பது வழக்கம். நூல் போடாமல், பாதத்தைத் தூக்கி, வெறும் காகிதம்கூட வைக்காமல் கால் பழகும் வரை ஓட்டிப் பாருங்கள்.

குறைகளும் உண்டு. நேர்த் தையல் மட்டுமே, ஜிக்ஜாக் இல்லை. பிக்கோ, ஓவர்லாக் எதிர்பார்க்க வேண்டாம். பனியன் துணிக்குச் சரிப்படாது. பழைய ஹெட்களில் பின் தையல் வசதியும் இல்லை, துணியைத் திருப்பித்தான் முடிச்சுப் போட வேண்டும். ரவிக்கை, பாவாடை, திரைச்சீலை, பள்ளிப் பை, ஜீன்ஸ் மடிப்பு இவற்றுக்கு, கரண்ட் இல்லாத நேரத்திலும், இன்றைய பிளாஸ்டிக் உடல் மிஷின்கள் பலவற்றை விட நிதானமாகத் தைக்கும்.

நீளமான தோட்டா வடிவ ஷட்டில் உள்ள சிங்கர் 27, 28 ஹெட் மலிவாக வந்தால், ஷட்டிலும் நீள பாபின்களும் கூடவே இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். அவை இல்லாமல் வாங்கினால் தேடி அலைய வேண்டியிருக்கும்.